மீட்டர் பார்த்ததும் எழுதியதும்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் மீட்டர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தபால்காரருக்கும் வழக்கு நடக்கும் அலுவலகத்துக்கும் மட்டும்தான் பயன்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் முள் ஆடும் எதைக் கண்டாலும், நம்புவதற்கு முன் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காய்கறிக் கடைத் தராசைத் தட்டுவார். மருந்துக் கடையில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, குனிந்து அதையும் தட்டுவார். குனிந்ததில் முள் ஏறி இறங்கும். உடனே பொய் சொல்லுது பார் என்று கடைக்காரரைப் பார்ப்பார். ஒருமுறை பேருந்தில் ஓட்டுநரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி வேகம் காட்டும் முள்ளைத் தட்டப் போய், பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார். இறங்கிய பிறகும், அது அறுபது காட்டுது, போறது என்னவோ நாற்பதுதான் என்று போகிற பேருந்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிரிக்க வைக்கிற மனிதர்தான். ஆனால் அவர் வீட்டில் மூன்று வருடமாக யாரும் சிரித்ததில்லை. காரணம் இதுதான்.

ஊருக்கு வெளியே ஒரு சலவை ஆலை. மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி, அவித்து, துவைத்து, மடித்து அனுப்பும் இடம். அதற்கு வேண்டிய நீராவியைத் தரும் பாய்லரை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர் மீட்டர். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். ஒரு ஷிப்டுக்குப் பதினாறு வரி. இது சட்டம். பழக்கம் வேறு. ஷிப்டு தொடங்கியதும் டீயோடு உட்கார்ந்து பதினாறு வரியையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். ஏழு, ஏழு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி ஒன்பது, மறுபடி ஏழு. எல்லாவற்றுக்கும் ஏழே எழுதினால் மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் கசங்கலும் சேர்ப்பார்கள். இதற்கு அவர்களுக்குள் பெயர் இஸ்திரி போடுவது. தாளுக்கு இஸ்திரி போட்டாச்சா என்பதுதான் ஆள் மாறும்போது கேட்கும் முதல் கேள்வி. சலவை ஆலையில் துணியை விட நேர்த்தியாக இஸ்திரி ஆனது அந்தத் தாள்தான்.

மனைவியின் தம்பியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் மீட்டர்தான். இருபத்து மூன்று வயதுப் பையன். மாமா மாமா என்று பின்னாலேயே சுற்றுவான். மாமா தட்டும் இடத்திலெல்லாம் அவனும் தட்டுவான். ஒரு நாள் பகல் இரண்டு மணி ஷிப்டில், மாலை நாலு பத்துக்கு, பாய்லர் வெடித்தது. தம்பி அதன் பக்கவாட்டில் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தான். மீட்டர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார். அவருக்கு இடது காது போனது. தம்பி ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தான்.

விசாரணையில் அதிகாரி அந்தத் தாளை எடுத்து, பள்ளியில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் வாசித்தார். மாலை ஐந்து மணி, அழுத்தம் ஏழு. ஐந்தரை, ஏழு புள்ளி ஒன்று. ஆறு மணி, ஆறு புள்ளி ஒன்பது. எட்டு மணி, ஏழு. எட்டு மணிக்கு அந்த பாய்லரின் மூடி, பக்கத்து வண்டி நிறுத்தத்தில் ஒரு வேனின் கூரையைப் பிளந்துகொண்டு கிடந்தது. பத்து மணி வரை வாசித்துவிட்டுத்தான் தாளைக் கீழே வைத்தார். பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். மீட்டரின் மனைவி மூன்றாவது பெஞ்சில் இருந்தார்.

மீட்டர் சொன்ன பதில் இது. நாலு மணிக்கு மேல் உள்ளது முன்கூட்டி எழுதியது, ஒத்துக்கொள்கிறேன், எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாலு மணி வரைக்கும் உள்ளதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். முள் ஏழில்தான் நின்றது. முள் பொய் சொல்லிவிட்டது. அந்த முள்ளும் அதன் கண்ணாடியும் பொடிப்பொடியாகிப் போயிருந்ததால், அது பொய் சொன்னதா மெய் சொன்னதா என்று கேட்க ஆளில்லை. வழக்கு இழுத்தது. வேலை போனது. முள் பொய் சொல்லிவிட்டது என்பதை அவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பர் போடும் பையனிடம்கூடச் சொன்னார். அவன் சில்லறை கேட்கத்தான் நின்றான்.

அவர் மனைவி, அந்தம்மா, அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரை என்னங்க என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். சாப்பாடு மேசைமேல இருக்கு என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். வெளியில மழை வருது, துணி காயுது என்று கதவைப் பார்த்துச் சொல்வார். அந்த வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் கிடைத்த மரியாதை வேறெந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

குடும்பத்தை ஓட்டியது அந்தம்மாவின் கம்ப்யூட்டர். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, பிழையில்லாமல் எழுத்தாக்கித் தருவது அவர் வேலை. வேலை கொடுக்கும் அலுவலகம் ஒரு மென்பொருளைத் தந்திருந்தது. பேச்சைக் கேட்டு அதுவே முதலில் குத்துமதிப்பாக எழுதும். குடலை உடல் என்று எழுதும். உடலைக் கடல் என்று எழுதும். அந்தம்மா கூடவே கேட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு பதிவு முழுதும் முடிந்தால்தான் அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் நிறுத்தி வைக்கலாம், தப்பில்லை. நடுவில் அணைந்தால் அத்தனையும் அம்போ.

அந்தக் கம்ப்யூட்டர்தான் கோடை பிறந்ததும் பட்டென்று தானாக அணைய ஆரம்பித்தது. ஒரு தடவை அணைந்தது, அலுவலகம் பொறுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை கண்டிப்பாகக் கடிதம் வந்தது. இன்னொரு முறை ஆறு மணிக்குள் வேலை வந்து சேராவிட்டால் இனி வேலை அனுப்ப மாட்டோம் என்று அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டு அந்தம்மா ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றாமலே அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரருக்குத் தெருவில் பெயர் பேட்டரி. எந்தக் கோளாறுக்கும் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம் என்பவர். பேட்டரியே இல்லாத பொருளுக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து, பெட்டிக்குள் இருக்கும் சென்சார்கள் சொல்வதைத் திரையில் காட்டும் ஒரு சின்ன நிரலைப் போட்டுக் கொடுத்தார். திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம். அதில் வரிசையாக எண்கள். வெப்பம் ஒன்று, நாற்பத்தாறு. வெப்பம் இரண்டு, நூற்றிருபத்தேழு. வெப்பம் மூன்று, எண்பத்து மூன்று. காற்றாடி ஒன்று, பூஜ்யம். காற்றாடி இரண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

மீட்டர் எழுந்து வந்து திரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, தட்டாதீங்க. அதுக்குள்ள முள்ளு இல்ல" என்றார் பேட்டரி. "இதுல பாதி புளுகு. நூத்தி இருபத்தேழுன்னு காட்டுதே, நிஜமா இருந்தா உள்ள டீயே போடலாம். அந்த இடத்துல சென்சாரே கிடையாது. கேக்குறதுக்குக் காது வெச்சிருக்கான், பேசுறதுக்கு ஆள் வெக்கல. அதான் வாய்க்கு வந்ததைச் சொல்லுது."

முதல் எண்ணை மட்டும் பாருங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக் கரண்டில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மீட்டர் அந்தச் சதுரத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக, கருவி பொய் சொல்லும் என்று அடுத்தவன் வாயால் கேட்டிருக்கிறார். அவருக்கு அது பெரிய விருது. மறுநாள் காலையிலேயே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, அடிக்கோல் வைத்து, நேரத்துக்கு ஒன்று, எண்களுக்கு ஐந்து என்று ஆறு பத்தி கீறினார். அரை மணிக்கு ஒரு வரி.

எண்களுக்கு முகவரி கிடையாது. மூன்றாவது வெப்பம் என்றால் பெட்டிக்குள் எந்த மூலையின் வெப்பம் என்று எங்கும் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிக்க மீட்டர் கையாண்ட வழியைப் பார்த்தவர்கள் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பழச்சாறு உறிஞ்சும் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு தரையில் படுத்தார். பலகையில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் குழாய் வழியாகக் காற்றை ஊதினார். எதன்மேல் ஊதினால் எந்த எண் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் படுத்துக்கொண்டு ஊதுகிறவருக்குத் திரை தெரியாது. ஊதிவிட்டு எழுந்து வந்து பார்ப்பதற்குள் எண் பழைய இடத்துக்கே போய்விடும். இப்படி எட்டுப் பத்துத் தடவை எழுந்தும் படுத்தும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தம்மா வேலையை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது" என்றார் திடீரென்று. "மூணாவது இறங்குது. எண்பத்தொண்ணு."

தரையில் கிடந்தவர் குழாயை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். சுவருக்குச் சொன்னதல்ல அது. கதவுக்கும் சொன்னதல்ல.

அன்று முழுதும் அவர் ஊத, அந்தம்மா எண்ணைச் சொல்ல, கணக்கு ஒருவழியாகப் புலப்பட்டது. நூற்றிருபத்தேழு எதற்கும் அசையவில்லை. ஆளில்லாத இடம், பேட்டரி சொன்னது சரி. பூஜ்யம் காட்டும் காற்றாடி இருக்கவே இல்லை, அதற்கு வைத்திருந்த முனை காலியாகக் கிடந்தது. முதல் வெப்பம் கம்ப்யூட்டரின் மூளையுடையது. அதற்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவதுதான் விஷயம். மூளைக்குப் பக்கத்தில், அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருகிற சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் சூடு அது. பழைய காற்றாடி கீழ்நோக்கி ஊதியதால் அவற்றுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் பேட்டரி புதிதாக மாட்டிய காற்றாடியோ பக்கவாட்டில் ஊதியது. மூளை குளிர்ந்து சுகமாக இருக்க, பக்கத்தில் நின்று உழைப்பவை வெந்துகொண்டிருந்தன. மூன்றாவது எண் நூற்று நாலைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் பட்டென்று போவதை மீட்டரின் நோட்டு இரண்டு தடவை எழுதிக் காட்டியது. நல்ல வேளையாக இரண்டும் சீக்கிரமே நடந்ததால், மறுபடி செய்து ஆறு மணிக்குள் அனுப்ப முடிந்தது.

பேட்டரியிடம் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே உங்களைக் கடையில வெச்சா என் பொழப்பு போயிடும் என்று சொல்லி, அந்தக் கட்டைகளின் மேல் வைக்க ஒரு சின்னக் காற்றாடி வரவழைத்துத் தருகிறேன், நாளைக்கு வந்துவிடும் என்றார். பேட்டரியின் நாளைக்கு எந்த மாதத்தில் வருகிறது என்று அவருக்கே தெரியாது. அதுவரைக்கும் மீட்டர் ஒரு முறை வகுத்தார். மேசை விசிறியைப் பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். மூன்றாவது எண் தொண்ணூற்றைந்து ஆனதும் பதிவை நிறுத்திவைத்து, இருபது நிமிடம் ஆறவிட வேண்டும்.

அந்தம்மா முதல் நாள் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவர் தொண்ணூற்றைந்து என்றபோது, ஒரு வரியை முடித்துவிட்டு நிறுத்தினார். அதற்குப் பிறகு பதினாறு நாள் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. விசிறி பெட்டிக்குப் போய்விட்டதால் அந்தம்மாவுக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றும். ஒரு கையால் விசிறிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இப்ப எவ்வளவு என்று கேட்பார். பின்னால் நிற்பவர் எண்பத்தெட்டு என்பார். தம்பதி பேச்சு என்றால் இவ்வளவுதான், ஒரு நாளைக்குப் பதினாறு பதினேழு எண்கள். ஊரில் சில புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். பதினாறாம் நாள் ஆறவிட்ட இடைவேளையில், நிற்கிறதுக்கு அந்த முக்காலியைப் போட்டு உட்கார்றதுதானே என்றுகூடச் சொல்லிவிட்டார். மீட்டர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொன்னது கலைந்துவிடுமோ என்று பயம் போலிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணி வரியை எழுதிவிட்டு, மீட்டர் வழக்கு அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி விடுப்பு. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். வீடு திரும்பும்போது பன்னிரண்டரை. அந்தம்மா அடுப்படியில் இருந்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் பத்தரை, பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிய நாலு வரிகளும் வெள்ளையாகக் கிடந்தன. பதினாறு நாள் அடர்த்தியாக நிரம்பிய பக்கங்களுக்கு நடுவில், விழுந்த பல் மாதிரி ஒரு சந்து.

அவர் யோசித்து எழுதியதாகச் சொல்ல முடியாது. பேனாவைத் திறந்தார், பன்னிரண்டரை வரியை எழுதத்தான். கை மேலே போனது. அறுபத்தெட்டு. எழுபத்து மூன்று. எழுபத்தாறு. எழுபத்தொன்பது. காலையில் அந்த எண் எப்படி ஏறும் என்று அவருக்கு மனப்பாடம். வழவழவென்று, ஒரு கசங்கல் மட்டும் விட்டு, எழுதி முடித்தார்.

மேசைமேல் மூடாமல் கிடந்த நோட்டை, சாப்பிட்டு வந்த அந்தம்மா நின்றவாக்கிலேயே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினொண்ணரைக்கு எவ்வளவு?"

கேட்ட குரலில் ஒன்றுமில்லை. பதினாறு நாளாகக் கேட்கிற அதே குரல்தான். மீட்டர் நோட்டை எட்டிப் பார்த்து, எழுபத்தாறு என்றார்.

"பன்னெண்டுக்கு?"

எழுபத்தொன்பது என்றார்.

"பத்தேகாலுக்குத் தெருவுலேயே கரண்ட் போச்சு. பன்னெண்டே காலுக்குத்தான் வந்துச்சு" என்றார் அந்தம்மா. "ரெண்டு மணி நேரமும் நான் அணைஞ்ச திரை முன்னால இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

மீட்டர் பேனாவை எடுத்து மூடினார்.  அவர் என்ன சொல்வார் என்று அந்தம்மா காத்திருக்கவில்லை. நோட்டை மூடி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு வந்திருந்தது நீளமான பதிவு. ஒரு மருத்துவர் வாரம் முழுதும் பார்த்த நோயாளிகளை ஒரே மூச்சில் பேசி அனுப்பியிருந்தார். ஆறு மணிக்குள் போக வேண்டும். கரண்ட் தின்ற இரண்டு மணி நேரம் போக, மிச்சமிருந்த நேரம் இழுத்துப் பிடித்தால் போதும் என்கிற அளவில்தான் இருந்தது. ஒரு தடவை ஆறவிடக் கூட நேரம் இருந்தது. மீட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருந்தது.

மூன்றரைக்கு மூன்றாவது எண் தொண்ணூறு. அவர் சொன்னார். அந்தம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. நாலே காலுக்குத் தொண்ணூற்றைந்து. அதையும் சொன்னார். ஹெட்போனில் காது அடைத்திருக்கிறதோ என்று கிட்டே போய், குனிந்து, தொண்ணூத்தஞ்சு ஆயிடுச்சு, நிறுத்து என்றார். குடல் உடலாகி, உடல் குடலாகத் திருத்தப்பட்டு, அடுத்த வரிக்குப் போனது. தொண்ணூற்றெட்டு. அவர் பக்கத்துச் சாமான்களை நகர்த்தி விசிறியைப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். நூறு. பழைய செய்தித்தாளை மடித்து, முழங்காலிட்டு, தானும் விசிறினார். நூற்று இரண்டு. அவர் வாழ்க்கையில் இத்தனை உண்மையான எண்களை, இத்தனை சத்தமாக, இதற்கு முன் சொன்னதில்லை. நூத்தி மூணு, கெஞ்சிக் கேக்கறேன் என்றார்.

நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரை கறுத்தது. பதிவில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னேனே என்றார் மீட்டர், முழங்காலில் இருந்தபடியே. இது நிஜமாகவே பார்த்துச் சொன்னது, ஒவ்வொன்றும் பார்த்துச் சொன்னது என்றார்.

"தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் அந்தம்மா. "நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மறுபடி போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாலும் ஆறு மணிக்குள் முடியாது. அது இருவருக்கும் தெரிந்ததால் இருவரும் பொத்தானைத் தொடவில்லை. அந்தம்மா தொலைபேசியை எடுத்து அலுவலக எண்ணைப் போட்டார். மணி அடிக்கும்போது மீட்டர் அவசரமாக எழுந்து வந்து, அவர் காதருகே கிசுகிசுத்தார்.

"கரண்ட் போச்சுன்னு சொல்லு. காலைல போனது நிஜம்தானே. நேரத்தை மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லு. யார் வந்து பாக்கப் போறாங்க?"

அந்தம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். அலுவலகத்தோடு பேசும்போது மட்டும் வரும் அந்தச் சுத்தமான குரலில் அந்தம்மா பேசினார். இன்றைய பதிவு வராது என்றார். கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துவிட்டது என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இல்லை, அணையும் என்று முன்பே தெரியும், வீட்டில் நிறுத்தச் சொன்னார்கள், நான் நிறுத்தவில்லை, தப்பு என்னுடையது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சரிங்க என்றார். புரியுதுங்க என்றார். நன்றி என்றுகூடச் சொன்னார். எட்டு வருடம் அவர்களுக்கு எழுதியவர்.

தொலைபேசியை வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் சதுரமாகச் சரிசெய்தார். மீட்டர் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து அனுப்ப மாட்டார்களாம் என்றார் அந்தம்மா, இன்றைக்குக் கடையில் தக்காளி இல்லையாம் என்கிற மாதிரி. விசிறியை அணைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறப்பதுகூடக் கேட்டது. முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்தார்.

"நான் சொல்லிட்டேன்" என்றார் அந்தம்மா. "வேலை போச்சு. உசிரோடதான் இருக்கேன். இப்ப நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நாலு மணிக்கு எவ்வளவு?"

அவருக்கு எந்த நாலு மணி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஏழு என்று வாய் தயாராகத்தான் இருந்தது. மூன்று வருடமாக அது அங்கேயே இருந்தது, நாக்கின் நுனியில். அதைச் சொல்லியிருந்தால், ஒரு வேளை, அந்தம்மா மறுபடி சுவரைப் பார்த்துச் சோற்றுக்குக் கூப்பிட்டிருப்பார், நாட்கள் அப்படியே போயிருக்கும். அவர் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.

"பாக்கல" என்றார்.

"மூணரைக்கு?"

"பாக்கல. ரெண்டு மணிக்கு உக்காந்து பத்து மணி வரைக்கும் எழுதிட்டேன். அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

"அப்ப முள்ளு பொய் சொல்லல."

"அது என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார் மீட்டர்.

அந்தம்மா தலையை ஆட்டினார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் மீட்டரால் நிறுத்த முடியவில்லை. கேட்காததும் வந்தது. நல்ல காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"வால்வைத் திருப்பப் போறப்ப உன் தம்பி கேட்டான். அழுத்தம் எவ்வளவு மாமான்னு. நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். தாளைப் பாத்து ஏழுன்னேன். சரி மாமான்னு சொல்லிட்டுப் போனான்."

வெளியே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அந்தம்மா அழவில்லை. கழுத்தில் தொங்கிய ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார். புரியாத இடத்தைப் பதிவில் பின்னுக்கு ஓட்டிக் கேட்கும்போது உட்கார்வது மாதிரி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அவர் இன்னொரு தடவை சொன்னார்.